பிடுங்கவில்லை... கேட்டார்கள்!

ரெயில் ஓடிய தடத்தில் இப்போது சைக்கிள் ஓடுகிறது. அயர்லாந்து நாட்டின் மேற்குக் கடற்கரையில், மேயோ என்ற வட்டாரத்தில் உள்ள பாதை அது. வெஸ்ட்போர்ட் நகரில் இருந்து அக்கில் தீவு வரை 42 கிலோ மீட்டர். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் மலை.

பார்க்க அழகான இந்தப் பாதையின் பழைய கதை கண்ணீர்க் கதை!

அக்கில் ஏழைத் தீவு. உருளைக்கிழங்கு தோண்டும் கூலி வேலைக்கு இளவட்டங்கள் ஸ்காட்லாந்துக்குப் போவார்கள். 1894-ல் அப்படிக் கப்பல் ஏறப் போனவர்களின் படகு கவிழ்ந்து, 32 பேர் பலியானார்கள். பாதை வேலை முழுசாக முடியும் முன்பே, அந்த உடல்களைச் சுமந்து வந்ததுதான் அக்கிலுக்கு வந்த முதல் ரெயில்.

1937 செப்டம்பரில் மறுபடியும் இடி. ஸ்காட்லாந்தில் கூலிகள் தங்கிய கொட்டகையில் தீப்பிடித்து 10 பேர் கருகினார்கள். அந்தச் சவப்பெட்டிகளும் இதே பாதையில்தான் வந்தன. சில நாளில் ரெயிலே நின்று போனது.

தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். நிலம் விவசாயிகள் கைக்குப் போனது. புல்லும் புதரும் மண்டிக் கிடந்தது, 70 வருடத்துக்கு மேல்!

பிறகுதான், நடக்கவும் சைக்கிள் விடவும் பாதை போட்டால் என்ன என்ற யோசனை வந்தது. ஆனால் நிலம் தனியார் நிலம் ஆச்சே! சட்டத்தைக் காட்டிப் பிடுங்கினார்களா? இல்லை. "நிலம் உங்களுடையதே. ஜனங்கள் போய் வர மட்டும் அனுமதி கொடுங்கள்" என்பதுதான் ஏற்பாடு. விவசாயிகள் சம்மதித்தார்கள். 2010-ல் நியூபோர்ட்டுக்கும் மல்ரனிக்கும் நடுவே 18 கிலோ மீட்டர் திறந்தது. மறு வருடம் முழுப் பாதையும் தயார்.

"நாளைக்கே ஒருவர் மனசு மாறி வழியை அடைத்தால்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அனுமதி என்றால் அந்த ஆபத்து உண்டு. அதனால்தான் வேலியும் கேட்டும் ஒழுங்காக இருக்க வேண்டும். வருகிறவன் ஆட்டை விரட்டாமல், திறந்த கேட்டைச் சாத்திவிட்டுப் போக வேண்டும். நிலக்காரர் மனம் கோணாத வரைக்கும் பாதைக்கு ஆயுசு கெட்டி.

பலன் கண்கூடு. சைக்கிள் வாடகைக் கடைக்கும், டீக்கடைக்கும், தங்கும் விடுதிக்கும் ஆள் வருகிறது. பிழைப்புத் தேடிப் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிய அதே தடம், இன்று பிழைப்பை ஊருக்குள் கொண்டு வருகிறது.

பொதுக் காரியம் என்றாலே நிலத்தைப் பறிக்க நோட்டீசு எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முதலில் கேட்டுப் பார்க்கலாமே! கேட்பதற்குக் காசு செலவில்லை.