100 பேருக்கு லிங்க் அனுப்பினால் ஆய்வு ஆகிவிடுமா?

ஊடகவியல் முதுகலையில் கடைசி செமஸ்டர் வந்துவிட்டால், வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு மெசேஜ் தவறாமல் சுற்றும். ‘ஃப்ரெண்ட்ஸ், என் புராஜெக்ட்டுக்காக. ரெண்டு நிமிஷம்தான், ஃபில் பண்ணிடுங்க ப்ளீஸ்!’ கூடவே ஒரு கூகுள் ஃபார்ம் லிங்க். தலைப்பு பெரும்பாலும் ‘இளைஞர்களிடம் சமூக ஊடகங்களின் தாக்கம்’. 100 பேர் நிரப்பியதும் பை சார்ட் போட்டு, முடிவுரை எழுதி, பைண்டிங் கடைக்குப் போய்விடலாம்.

இதில் என்ன தப்பு? 100 என்ற எண்ணில் தப்பில்லை. அந்த 100 பேர் யார், அவர்களிடம் ஏன் கேட்க வேண்டும் என்பதற்குப் பதில் இல்லை, அதுதான் சிக்கல். அந்தப் பதிலைத் தேடக் கற்றுத்தருவதுதான் ‘ரிசர்ச் மெத்தட்ஸ்’ எனப்படும் ஆய்வு முறையியல். பல வகுப்பறைகளில் அது வரையறைகளை மனப்பாடம் செய்யும் பேப்பராகச் சுருங்கிக் கிடக்கிறது.

அதே 100 பேர், வேறு கதை

ஊடக மாணவர்கள் எல்லோரும் படிக்கும் ‘அஜெண்டா செட்டிங்’ கோட்பாடும் 100 பேரிடமிருந்து வந்ததுதான். 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது, வட கரோலினாவின் சேப்பல் ஹில் ஊரில் மேக்ஸ்வெல் மெக்கோம்ப்ஸ், டொனால்ட் ஷா இருவரும் 100 வாக்காளர்களைப் பேட்டி கண்டார்கள். வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்து, அதிலும் யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்யாதவர்களை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். ஊடகத்தின் பாதிப்பு தெரியும் என்றால், அவர்களிடம்தானே முதலில் தெரியும்?

அதோடு விடவில்லை. அந்த வாக்காளர்கள் பார்த்த, படித்த ஊடகங்கள் எந்தப் பிரச்சினைக்கு எவ்வளவு இடம் கொடுத்தன என்றும் கணக்கெடுத்தார்கள். இரண்டு பட்டியல்களும் வெகுவாக ஒத்துப்போயின. 1972-ல் வெளியான அந்தச் சின்ன ஆய்வு இன்றும் பாடத்திட்டத்தில் இருக்கிறது.

நேர்மாறான உதாரணம், 1936-ல் அமெரிக்காவின் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ பத்திரிகை. சுமார் 1 கோடி பேருக்கு வாக்குச்சீட்டு மாதிரியை அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேல் பதில் வாங்கியது. லேண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். தொலைபேசிப் பட்டியல், கார் பதிவுப் பட்டியல் போன்றவற்றிலிருந்து முகவரி எடுத்தால் வசதியானவர்கள்தானே அதிகம் சிக்குவார்கள்? பதில் அனுப்பச் சிரமம் எடுத்துக்கொண்டவர்களும் ஒரு தனி ரகம். ஆள்பலத்தால் அந்தக் கோணலை நிமிர்த்த முடியவில்லை. வாட்ஸ்அப் லிங்க்கிலும் நடப்பது இதுதான்.

சர்வே மட்டும்தான் வழியா?

இல்லை. அமெரிக்க மானுடவியலாளர் சாரா டிக்கி, மதுரையில் உழைக்கும் மக்களோடும் ரசிகர் மன்றத்தினரோடும் பழகிப் பேசி, அவர்களுக்குத் தமிழ் சினிமா என்னவாக இருக்கிறது என்று 1993-ல் புத்தகமாக எழுதினார். ‘ஆம் / இல்லை’ கட்டங்களில் அந்தப் பதில்கள் கிடைத்திருக்காது. கேள்வி எதுவோ, அதற்கேற்ற முறை. முறையை முதலில் எடுத்துக்கொண்டு கேள்வியைத் தேடுவது, செருப்பு வாங்கிவிட்டுக் காலை வெட்டுகிற கதை.

வகுப்பறையிலேயே செய்து பார்க்க எளிய வழி உண்டு. ஒரு வார டிவி விவாத நிகழ்ச்சிகளை எடுத்துக்கொண்டு, யார் யார் வந்தார்கள், கட்சி சாராதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணச் சொல்லலாம். பத்தாவது நிமிடத்திலேயே சண்டை வந்துவிடும். ‘அரசியல் விமர்சகர்’ என்ற பட்டையோடு உட்கார்ந்து ஒரே கட்சிக்காகப் பேசுபவரை எந்தக் கட்டத்தில் போடுவது? இரண்டு மாணவர்கள் தனித்தனியாகக் குறித்து ஒப்பிட்டால் விடை வேறுபடும். விதியைத் திருத்தி எழுத வேண்டும், மறுபடி எண்ண வேண்டும். உள்ளடக்கப் பகுப்பாய்வு என்பதும், குறிப்பவர்களுக்கு இடையிலான ஒற்றுமையைச் சோதிப்பது என்பதும் இவ்வளவுதான். இப்படிக் கற்றது பரீட்சை முடிந்தும் மறக்காது.

யாரைக் குறை சொல்வது?

மாணவர்களை மட்டும் சொல்லிப் புண்ணியமில்லை. கடைசி செமஸ்டரில் அவசரமாகத் தலைப்பை முடிவு செய்யச் சொன்னால், கூகுள் ஃபார்ம்தான் கைகொடுக்கும். ஒரு கைடுக்கு ஏகப்பட்ட மாணவர்கள் என்றால், அவராலும் பக்க எண்ணிக்கையைத்தான் பார்க்க முடியும். முதல் செமஸ்டரிலேயே சின்னச் சின்னப் பயிற்சிகள் தொடங்க வேண்டும். கேள்விக்குப் பொருந்தினால், 15 பேருடனான ஆழமான உரையாடலும் ஆய்வாக ஏற்கப்பட வேண்டும். ‘என் ஆய்வால் இதைச் சொல்ல முடியாது’ என்று ஒரு மாணவர் நேர்மையாக எழுதினால், அதற்கு மதிப்பெண் கூட வேண்டும்.

‘ரிப்போர்ட்டர் ஆகப்போறவங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குத்தான் முதலில் வேண்டும். நியூஸ் டெஸ்க்கில் சேர்ந்த முதல் வாரமே ‘ஆய்வில் அதிர்ச்சித் தகவல்’ என்று ஒரு நிறுவனத்தின் பிரஸ் ரிலீஸ் மெயிலில் வந்து விழும். எத்தனை பேரிடம் கேட்டார்கள், அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், செலவை யார் ஏற்றார்கள் என்று கேட்கத் தெரியாதவர் அதை அப்படியே தலைப்பாக்குவார். லட்சக்கணக்கானோர் அதை நம்பி ஃபார்வர்டு செய்வார்கள். அந்த மூன்று கேள்விகள் ஒருவருக்குப் பழக்கமாகிவிட்டாலே, அந்தப் பேப்பர் தன் வேலையைச் செய்துவிட்டது.