பழைய சதக் காசு: விலை வயதில் இல்லை

 

சற்று நீளமான பதிவுதான். வீட்டில் பழைய காசு வைத்திருப்பவர்கள் மட்டுமல்ல, பிள்ளைகளின் கையில் போன் கொடுத்திருக்கும் எல்லோரும் பொறுமையாக வாசித்தால் நல்லது.

"உங்களிடம் பழைய 5 சதம் இருக்கா? நீங்கள்தான் இலட்சாதிபதி" என்ற மாதிரிக் காணொளிகள் நம் வட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி சுற்றுகின்றன. பார்த்த கையோடு உம்மம்மாவின் வெற்றிலைப் பெட்டியையும் அலுமாரியின் அடித்தட்டையும் கிளறத் தொடங்கிவிடுகிறோம். காணொளியில் உள்ள இலக்கத்துக்கு அழைத்தால் முதலில் பதிவுக் கட்டணம் கேட்பார்கள். பிறகு வரி, பிறகு கூரியர் செலவு. சல்லி போய்ச் சேர்ந்ததும் இலக்கம் வேலை செய்யாது. இந்தியாவில் இந்த மோசடி எந்தளவுக்குப் போனதென்றால், தங்கள் பெயரைச் சொல்லி பழைய காசு, நோட்டு விற்பனைக்குக் கட்டணமும் வரியும் கேட்கிறார்கள், ஏமாற வேண்டாம் என்று 2021 ஆகஸ்டில் இந்திய ரிசர்வ் வங்கியே அறிவித்தல் விட வேண்டியதாயிற்று.

அப்படியென்றால் சின்னக் காசு பெரிய விலைக்குப் போவது முழுப் பொய்யா? இல்லை. அதனால்தான் இந்தப் பொய் இவ்வளவு இலகுவாக விற்பனையாகிறது.

அமெரிக்காவின் ஒரு சதக் காசை எடுத்துக்கொள்வோம். ஆபிரகாம் லிங்கனின் முகம் பொறித்தது. 1958 ஆம் ஆண்டில் மட்டும் நூறு கோடிக்கும் அதிகமாக அடிக்கப்பட்டது. அவற்றில் மிகச் சிலவற்றில், அடிக்கும் அச்சில் ஏற்பட்ட பிழையால் தலைப்பக்க எழுத்துகள் இரட்டையாக விழுந்தன. அந்தப் பிழையுடன் இதுவரை மூன்றே மூன்று காசுகள்தான் அறியப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்று 2023 ஜனவரியில் 11 இலட்சத்து 36 ஆயிரம் டொலருக்கு மேல் ஏலம் போனது. அன்றைய கணக்கில் நமது காசுக்கு 40 கோடி ரூபாய்க்கும் அதிகம். அதே 1958 ஆம் ஆண்டின் சாதாரணக் காசு, பாவித்துத் தேய்ந்திருந்தால், இன்றும் சில சதங்கள்தான்.

இரண்டுக்கும் ஒரே வயது. ஆகவே விலையைத் தீர்மானித்தது வயது அல்ல. எத்தனை மிஞ்சியிருக்கின்றன, எந்த நிலையில் இருக்கின்றன, எத்தனை பேர் அதைத் தேடுகிறார்கள் என்ற மூன்றும்தான்.

இதில் நம்மவர்கள் கவனிக்காதது நடுவில் உள்ள விடயம், அதாவது நிலை. 1949இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் அமெரிக்காவின் பழைய பெரிய செப்புச் சதங்களுக்காக 1 முதல் 70 வரை ஒரு அளவுகோலை வகுத்தார். 60க்கு மேல் என்றால் கைமாறிப் பாவிக்கப்படாத காசு. இன்று அந்த அளவுகோலை வைத்தே தனி நிறுவனங்கள் காசைப் பரிசோதித்து, தரத்தைக் குறித்து, பிளாஸ்டிக் உறைக்குள் மூடிக் கொடுக்கின்றன. செப்புக் காசுக்கு நிறமும் பார்ப்பார்கள். புதிதாக அடித்தபோது இருந்த சிவப்பு அப்படியே இருந்தால் உச்ச விலை. கபிலமாகிவிட்டால் குறைவு. 1909இல் சான் பிரான்சிஸ்கோவில் 4 இலட்சத்து 84 ஆயிரம் மட்டுமே அடிக்கப்பட்ட, வடிவமைப்பாளரின் முதலெழுத்துகள் கொண்ட லிங்கன் சதம் பிரபலமானது. தேய்ந்தது சில நூறு டொலர். சிவப்பு மாறாத உயர்தரமானது ஒரு இலட்சம் டொலரையும் தாண்டி ஏலம் போயிருக்கிறது.

இப்போது நம் வீட்டுப் பெட்டிக்கு வருவோம். விக்டோரியா இராணியின் தலை பொறித்த செப்புச் சதம், மூலை மழுங்கிய சதுர ஐந்து சதம், பூவிதழ் போல விளிம்பு வளைந்த இரண்டு சதம், 1963இலிருந்து வந்த அலுமினியச் சதம். இவற்றில் பெரும்பாலானவை கோடிக்கணக்கான கைகள் பட்டுத் தேய்ந்தவை. சேகரிப்பவர்களிடம் சிறு விலைக்கே போகும். அரிதாக ஒன்றிரண்டு நல்ல நிலையில் இருக்கலாம். அதையும் நாமே கெடுத்துவிடுகிறோம். விற்கப் போகிறோம் என்றவுடன் புளி போட்டுத் தேய்ப்பது, பிரசோ பூசிப் பளபளக்க வைப்பது. நம் கண்ணுக்கு அது புதுசு. தெரிந்தவர் கண்ணுக்கு மேல்தோல் உரிந்த காசு. தரம் பார்க்கும் நிறுவனங்கள், அப்படித் துலக்கிய காசுக்கு இலக்கம் தராமல் "சுத்தம் செய்யப்பட்டது" என்று எழுதிவிடும். விலை அங்கேயே விழுந்துவிடும். பழைய காசைக் கழுவாதீர்கள், துடைக்காதீர்கள், விளிம்பில் பிடியுங்கள்.

இதுவரை சொன்னது நாம் ஏமாறாமல் இருக்க. நாம் பிறரை ஏமாற்றாமல் இருப்பதுதான் அதைவிட முக்கியம்.

ஏலம் நமது மார்க்கத்துக்குப் புதிதல்ல. யாசித்து வந்த ஒரு அன்சாரித் தோழரின் விரிப்பையும் கோப்பையையும் நபி (ஸல்) அவர்களே ஏலம் விட்டு, ஒரு திர்ஹத்துக்குக் கேட்கப்பட்டதை இரண்டு திர்ஹத்துக்கு விற்றுக் கொடுத்த செய்தி அபூதாவூத், திர்மிதி போன்ற நூல்களில் உண்டு. கூட்டிக் கேட்பது பிழையில்லை. வாங்கும் எண்ணமில்லாமல் விலையை ஏற்றிவிடுவதற்காக மட்டும் கேட்பதே பிழை. அதற்கு நஜ்ஷ் என்று பெயர். அது தடுக்கப்பட்டது. இன்று முகநூல் குழுக்களில் காசு ஏலம் விடும்போது கூட்டாளியை வைத்தும் போலிக் கணக்கிலும் விலை கூட்டுவதை "பிஸ்னஸ் டெக்னிக்" என்கிறார்கள். நாம் அதை அதன் சொந்தப் பெயரில் சொல்லிப் பழக வேண்டும்.

தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் இருந்த ஈரத்தை மேலே வைக்காதது ஏன் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்ட சம்பவம் நமக்கெல்லாம் தெரியும். துலக்கிய காசைப் பாவிக்காத காசென்று விற்பது அதே ஈரத் தானியம்தான். 1943இல் யுத்தம் காரணமாக அமெரிக்கா உருக்கில் சதக் காசு அடித்தது. தவறுதலாக வெண்கலத்தில் விழுந்த சிலவற்றுக்குப் பெரும் விலை. உடனே உருக்குக் காசுக்குச் செப்பு முலாம் பூசி விற்கப் புறப்பட்டார்கள். ஒரு காந்தத்தைப் பிடித்தாலே அந்தப் பொய் ஒட்டிக்கொள்ளும். நமது வியாபாரத்துக்கும் ஒரு காந்தம் வேண்டும். அது தக்வா.

இன்னொன்று. வயதான ஒரு உம்மாவிடம் போய், பெறுமதியான காசென்று தெரிந்துகொண்டே, செப்பு விலைக்கு நிறுத்து வாங்கி வருவதைச் சிலர் சாமர்த்தியம் என்கிறார்கள். தெரியாதவரின் தெரியாமையில் எடுத்த இலாபத்தில் பரக்கத் இருக்குமா என்று அவரவர் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளட்டும். அதேபோல, மௌத்தான வாப்பாவின் பெட்டியில் கிடந்த காசுகளும் அனந்தரச் சொத்துதான். கண்டெடுத்தவருக்கு மட்டும் உரியதல்ல. ராத்தாவுக்கும் தங்கச்சிக்கும் அதில் பங்குண்டு.

ஒரு சதத்துக்குக் கோடிகள் கொடுப்பது வீண் விரயமில்லையா என்று சிலர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பெருமைக்காகக் குவிப்பதை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் சேகரிப்பு என்பது கோடீஸ்வரர்களுக்கு மட்டும் உரியதல்ல. தேய்ந்த இரண்டு சதத்தை வைத்தே ஒரு பிள்ளைக்கு இலங்கையின் அரசர் காலம், யுத்த காலம், உலோகத் தட்டுப்பாடு எல்லாம் சொல்லிக் கொடுக்கலாம். கொழும்பு கோட்டையில் சதாம் வீதியில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலை இருக்கிறது. அடுத்த சுற்றுலாவில் நீர்வீழ்ச்சியோடு அதையும் சேர்த்துக்கொள்வோமே.

ஆகவே உறவுகளே, விற்பதற்கு முன் கட்டணம் கேட்பவருக்கு ஒரு சதமும் அனுப்பாதீர்கள். காசைக் கழுவாதீர்கள். இரண்டு மூன்று பேரிடம் விலை விசாரியுங்கள். நீங்கள் விற்பவராக இருந்தால் குறையைச் சொல்லி விற்பனை செய்யுங்கள், வாங்குபவராக இருந்தால் பெறுமதியைச் சொல்லி வாங்குங்கள்.

அல்லாஹ் நமது சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, அதில் பரக்கத் செய்வானாக.