கேஸ் தீராது, கசியும்

எங்கள் அடுக்ககத்தின் இரண்டாவது மாடியில் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக ஒரு பெரியவர் இருக்கிறார். கத்திரி தொடங்கிய வாரத்தில் ஓர் இரவு அவர் அறையில் ஏசி ஓடியது, குளிரவில்லை. அவர் மனைவி பதறிப்போய் ‘24 மணி நேர எமர்ஜென்சி சர்வீஸ்’ என்று போர்டு போட்ட கடைக்குப் போன் செய்திருக்கிறார். வந்தவர் அவுட்டோர் யூனிட்டில் கேஜை மாட்டி, முள்ளைப் பார்த்து, “கேஸ் கம்மியா இருக்கும்மா, போட்டுடலாமா?” என்று கேட்டிருக்கிறார். “போடுப்பா, போன மே மாசம் போட்டது, தீர்ந்துதான் போயிருக்கும்” என்று இந்த அம்மாள் சொல்லியிருக்கிறார். மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். ரசீது கிடையாது. மறுநாள் படிக்கட்டில் நின்று அவரே இதைச் சொன்னபோது, ஏதோ பால் பாக்கெட் வாங்கிய கணக்கு மாதிரி சொன்னார்.

அந்த மெக்கானிக் மேல் எனக்குக் கோபம் உண்டு. அதைவிடப் பெரிய கோபம் “தீர்ந்துதான் போயிருக்கும்” என்ற அந்தப் பதில் மேல். இந்த ஊரில் படித்தவர், படிக்காதவர், டாக்டர், வக்கீல், வங்கி மேலாளர் எல்லோரும் சொல்லும் பதில் அது. ஏசி என்றால் வருஷா வருஷம் கேஸ் போட வேண்டும் என்று நாமே முடிவுகட்டி வைத்திருக்கிறோம். ஏமாற்ற வருகிறவன் பொய் சொல்லக்கூட வேண்டியதில்லை. நாமே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

தீரும் என்று யார் சொன்னது? ஏசிக்குள் இருக்கும் கேஸ் எரிபொருள் கிடையாது. அது எரிவதில்லை, தேய்வதில்லை, செலவாவதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவதுதான் அதன் ஒரே வேலை. அறைக்குள் இருக்கும் காயிலில் அறையின் சூட்டை வாங்கி ஆவியாகிறது. அந்த ஆவியைக் கம்ப்ரஸர் அழுத்தி வெளியே தள்ளுகிறது. வெளியே கன்டென்ஸரில் சூட்டைக் கொட்டிவிட்டு மறுபடி திரவமாகிறது. மெல்லிய கேப்பிலரிக் குழாயிலோ எக்ஸ்பான்ஷன் வால்விலோ நுழைந்து, அழுத்தம் இறங்கிக் குளிர்ந்து, மறுபடி உள்ளே வருகிறது. தொழிற்சாலையில் அடைத்த கேஸ், கசிவு இல்லாதவரை, அந்த மெஷின் காயலான் கடைக்குப் போகும் நாள் வரை அதே அளவில் இருக்கும்.

நம்பாதவர்கள் சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜைப் பாருங்கள். அதே கம்ப்ரஸர், அதே குழாய், அதே சுற்று. ஏசியாவது ராத்திரியில் மட்டும் ஓடுகிறது, ஐப்பசி கார்த்திகையில் ஓய்வெடுக்கிறது. ஃபிரிட்ஜ் வருடத்தில் 365 நாளும் பிளக்கில்தான் இருக்கிறது. இப்போது வரும் வீட்டு ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்-600ஏ என்ற கேஸ்தான். அது நூறு கிராம்கூட இருக்காது. அந்தச் சொற்ப கேஸை வைத்துக்கொண்டு அது வருடக்கணக்கில் ஓடுகிறது. கல்யாணச் சீராக வந்த ஃபிரிட்ஜ், பிள்ளை பத்தாவது எழுதும் வரைக்கும் மோர் குளிர வைக்கிறது. அதற்கு எந்த மே மாதத்தில் கேஸ் போட்டீர்கள்? ஃபிரிட்ஜுக்குத் தீராத கேஸ் ஏசிக்கு மட்டும் எப்படித் தீரும்?

இந்தக் கேள்வியை ஒரு மெக்கானிக்கிடம் நேராகக் கேட்டிருக்கிறேன். “சார், முள்ளு பொய் சொல்லுமா?” என்றார். முள் பொய் சொல்லாது. ஆனால் முள் காட்டுவது அழுத்தத்தை. எத்தனை கிராம் கேஸ் உள்ளே இருக்கிறது என்பதை அல்ல. ஃபில்டரில் தூசி அடைத்து, காயிலில் காற்றுப் படாமல் போனாலே உறிஞ்சும் பக்கத்து அழுத்தம் இறங்கிவிடும். இண்டோர் ஃபேன் மெதுவாகச் சுற்றினாலும் இறங்கும். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரஸரின் வேகமே நிமிடத்துக்கு நிமிடம் மாறும், அதோடு அழுத்தமும் மாறும். பழைய ஆர்-22 ஏசியில் 60, 70 பி.எஸ்.ஐ. என்றால் சரி. ஆர்-410ஏ, ஆர்-32 ஏசிகளில் ஏறக்குறைய அதன் இருமடங்கு இருக்க வேண்டும். இந்த வித்தியாசமெல்லாம் தெரிந்து பார்த்தால்தான் கேஜுக்கு மதிப்பு. முள் இறங்கியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, போதுமான கேஸ் இருக்கும் மெஷினுக்கு மேலும் கேஸ் ஏற்றினால், ஆவியாகாத திரவம் கம்ப்ரஸருக்குள் திரும்பிப் போய் அதையே உடைக்கும். கேஸுக்கு மூவாயிரம் கொடுத்தவர், கொஞ்ச நாளில் கம்ப்ரஸருக்குப் பத்தாயிரத்துக்கு மேல் கொடுப்பார்.

குளிராமல் போவதற்கு வேறு என்ன காரணங்கள்? ஃபில்டர் கழுவி மாதக்கணக்காகியிருக்கும். கன்டென்ஸரில் புறா எச்சமும் தூசியும் மெத்தையாகப் படிந்திருக்கும். ஸ்டெபிலைசருக்கு வரும் வோல்டேஜே குறைவாக இருக்கும். இன்வெர்ட்டர் இல்லாத ஏசியில் அடிக்கடி காலை வாருவது கெப்பாசிட்டர். கைக்குள் அடங்கும் அலுமினிய டப்பா. அதன் மேல் இத்தனை மைக்ரோஃபேரட் என்று எழுதியிருக்கும். அது வலுவிழந்தால் கம்ப்ரஸர் ‘ம்ம்ம்’ என்று முனகும், கிளம்பாது; சிறிது நேரத்தில் சூடேறி நின்றுபோகும். உள்ளே ஃபேன் மட்டும் ஓடி வெறும் காற்று வரும். தலை உப்பிய கெப்பாசிட்டரைக் கண்ணால் பார்த்தே சொல்லலாம், மீட்டர் வைத்தால் சந்தேகமே இருக்காது. விலை சில நூறு ரூபாய், மாற்றக் கால் மணி நேரம். அதை மாற்றிவிட்டு, கேஸ் போட்டதாகச் சொல்லி ஆயிரக்கணக்கில் வாங்குவது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த திருட்டு. வீட்டுக்காரர் மட்டும் குளிர்ந்துவிட்டது என்று கும்பிடுகிறார்.

கேஸ் உண்மையிலேயே குறைந்திருந்தால்? அப்போது கசிவு இருக்கிறது என்று அர்த்தம். வேறு அர்த்தமே கிடையாது. “ஸ்பிளிட் ஏசின்னா கொஞ்சம் கொஞ்சமா கொறையத்தான் செய்யும் சார்” என்பார்கள். ஃபிரிட்ஜில் எல்லா இணைப்பும் தொழிற்சாலையில் பற்றவைத்தது, அதனால் கசிவது அரிது. ஸ்பிளிட்டில் உள்ளே இரண்டு, வெளியே இரண்டு என்று ஃப்ளேர் நட்டுகளை வீட்டுக்கு வந்து மாட்டுகிறவர் முறுக்குகிறார். செம்புக் குழாயின் வாயைச் சீராக விரித்து, டார்க் ரெஞ்ச் வைத்து அளவாக முறுக்கினால் அதுவும் கசியாது. அவசரத்தில் விரித்து, ஸ்பேனரில் தோராயமாக முறுக்கினால் கசியும். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரிக் கடலோரத்தில் உப்புக் காற்று காயிலை அரித்தும் கசியும். எதுவாக இருந்தாலும் அது பழுது. அதற்கு ஓர் இடம் உண்டு, அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியும். பஞ்சர் ஒட்டாமல் காற்று மட்டும் அடித்து அனுப்பும் கடைக்கு அடுத்த முறை வண்டியைத் தள்ளிக்கொண்டு போவீர்களா? ஏசிக்கு மட்டும் போகிறோம். அதற்கு வருஷாந்தரச் செலவு என்று பெயர் வைத்து, பட்ஜெட்டிலும் எழுதிக்கொள்கிறோம்.

முறையான வேலை என்பது இதுதான். முதலில் குழாய்க்குள் நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் கசியும் இடத்தில் குமிழ் வரும். அந்த இடத்தைச் சரிசெய்ய வேண்டும். பிறகு வாக்யூம் பம்ப் மாட்டி, உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் முழுக்க உறிஞ்ச வேண்டும். கடைசியாக, அவுட்டோர் யூனிட்டின் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் கிராம் அளவை எடை மெஷினில் வைத்துப் பார்த்து ஏற்ற வேண்டும். இதற்கு இரண்டு மணி நேரமாவது பிடிக்கும். பத்து நிமிடத்தில் கேஸ் போட்டுவிட்டுப் போகிறவர் இதில் எதையுமே செய்யவில்லை.

மெக்கானிக்குகளில் சிலர் செய்யும் காரியம் உயிருக்கே ஆபத்து. நைட்ரஜனுக்குக் காசு கொடுக்க மனமில்லாமல் ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டி அழுத்தம் பார்க்கிறார்கள். கம்ப்ரஸர் எண்ணெயோடு உயர் அழுத்த ஆக்சிஜன் சேர்ந்தால் வெடிக்கும். ஆர்-32 ஓரளவு தீப்பற்றக்கூடியது. சில ஏசிகளில் இருக்கும் ஆர்-290 என்பது புரோப்பேன், சமையல் சிலிண்டரில் இருக்கும் வாயுக்களில் ஒன்று. எந்த மெஷினில் எந்த கேஸ் என்று ஸ்டிக்கரைக்கூடப் படிக்காமல் கையில் இருக்கும் சிலிண்டரைத் திருகுகிறவரை நம்பி, குழந்தை தூங்கும் அறையை ஒப்படைக்கிறோம்.

கடைக்காரர்கள் கதை இன்னும் மோசம். மத்தியானம் 2 மணிக்குத் துணிக்கடை ஏசி நின்றால் முதலாளி எதையும் கேட்கமாட்டார். வாடிக்கையாளர் வெளியே போய்விடுவார் என்ற பதற்றத்தில் சொன்ன தொகையைக் கொடுத்துவிடுவார். எனக்குத் தெரிந்த ஒரு மருந்துக்கடையில் ஒவ்வொரு கோடையிலும் ஏசிக்குக் கேஸ் போடுகிறார்கள். அதே கடையின் மூலையில், இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்கும் ஃபிரிட்ஜ் ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு யாரும் கேஸ் போட்டதில்லை. இரண்டையும் தினமும் பார்க்கும் முதலாளிக்கு இந்தச் சந்தேகம் ஒரு நாளும் வரவில்லை.

கசிந்த கேஸ் எங்கே போகிறது என்று யாராவது கேட்கிறோமா? நூறாண்டுக் கணக்கில் ஆர்-32 கரியமில வாயுவைவிட 675 மடங்கு பூமியைச் சூடாக்கும். ஆர்-410ஏ 2,088 மடங்கு. ஒரு கிலோ ஆர்-410ஏ கசிந்தால் இரண்டு டன் கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். ஓசோனைக் காப்பாற்ற 1987ல் மான்ட்ரியாலில் ஒப்பந்தம் போட்டார்கள். இந்த வாயுக்களைக் குறைக்க 2016ல் கிகாலியில் திருத்தம் கொண்டுவந்தார்கள், இந்தியா அதை 2021ல் ஏற்றது. “பழைய கேஸ விட்டுட்டுப் புதுசா போட்டுடறேன் சார்” என்று ஒருவர் வால்வைத் திறந்து மொத்தத்தையும் மொட்டை மாடிக் காற்றில் விடும்போது அந்த ஒப்பந்தங்களுக்கு என்ன மரியாதை? சூட்டுக்குப் பயந்து ஏசி வாங்கிவிட்டு, ஊரை மேலும் சூடாக்குவதற்கு வருடம் தவறாமல் காசு கொடுக்கிறோம்.

கட்டடம் கட்டுகிறவர்களையும் விட முடியாது. கோடி ரூபாய்க்கு ஃபிளாட் விற்கிறார்கள், அவுட்டோர் யூனிட் வைக்க ஓர் ஆள் நிற்கும் இடம் விடமாட்டார்கள். ஐந்தாவது மாடி சன்ஷேடில் ஒற்றைக் காலில் நின்று, ஒரு கையில் கிரில்லைப் பிடித்து, இடுப்பில் பெல்ட் இல்லாமல் மெக்கானிக் பையன் எப்படிச் சோப்பு நுரை தடவிக் கசிவு தேடுவான்? சீக்கிரம் கேஸை ஏற்றிவிட்டு உயிரோடு உள்ளே வரத்தான் பார்ப்பான். கம்பெனிகள் ‘இலவச இன்ஸ்டலேஷன்’ என்று விளம்பரம் செய்கின்றன. ஒரு நாளில் இத்தனை வீடு முடிக்க வேண்டும் என்று ஆளை விரட்டினால் ஃப்ளேரை நிதானமாக யார் போடுவார்? கம்ப்ரஸருக்குப் பத்து வருட வாரண்டி என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். கேஸும் கூலியும் தனி என்பது அடியில் பொடி எழுத்தில் இருக்கும். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் குளிர்பதனத் தொழில் படித்து வந்தவருக்கும், ஆறு மாதம் உதவியாளாகப் போய்க் கேஜ் வாங்கியவருக்கும் நாம் ஒரே விசிட்டிங் சார்ஜ்தான் தருகிறோம். கசிவு தேடி இரண்டு மணி நேரம் வியர்வை சிந்துகிறவரிடம் “இதுக்குப் போயா இவ்வளவு கேக்கறீங்க” என்று பேரம் பேசுகிறோம். கேஸ் என்று சொன்னவருக்கு மட்டும் வாயைத் திறக்காமல் எண்ணிக் கொடுக்கிறோம். நேர்மையான மெக்கானிக்கைத் தொழிலை விட்டே துரத்துவது நம் இந்த மூடநம்பிக்கைதான்.

இனி ஏசி குளிரவில்லை என்றால் போனில் “கேஸ் போடணும்” என்று நீங்களாகச் சொல்லாதீர்கள். “குளிரவில்லை, வந்து பாருங்கள்” என்று மட்டும் சொல்லுங்கள். வந்தவர் ஃபில்டர், கன்டென்ஸர், வோல்டேஜ், கெப்பாசிட்டர் எல்லாம் பார்த்த பிறகு கேஜை எடுக்கட்டும். கேஸ் குறைவு என்றால், “எங்கே கசிகிறது, காட்டுங்கள்” என்று கேளுங்கள். நடு ராத்திரியில் நோயாளிக்காக அவசரத்துக்குக் கொஞ்சம் ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஏற்றட்டும். கசிவைத் தேட மறுநாள் வருவதாக ரசீதில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். எந்த கேஸ், எத்தனை கிராம், எந்த இணைப்பில் கசிவு என்ற மூன்றும் ரசீதில் இருக்க வேண்டும். இதில் ஒன்று இல்லை என்றாலும் கேஸுக்கென்று ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.