இரத்தினபுரியில் ஒரே மழை, இரு சபைகள்

இரத்தினபுரி நகரவாசிகளிடம் ஊரின் பிரச்சினை யாதென வினவினால், முதலில் வருவது வெள்ளமேயாகும். களு கங்கையும் வே கங்கையும் சந்திக்கும் தாழ்நிலத்தில் பழைய நகரம் அமைந்துள்ளது. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் வந்த வெள்ளத்தை எவரும் மறந்துவிடவில்லை. மேட்டு நிலத்தில் புதிய நகரம் உருவாகி, அரச அலுவலகங்கள் பல அங்கு சென்றபோதும், கடைவீதி கீழேயே தங்கிவிட்டது. முஸ்லிம்கள் கணிசமாகவுள்ள வர்த்தக சமூகம், மழை வலுத்ததும் சரக்குகளை மேல்மாடிக்கு ஏற்றப் பழகிவிட்டது. வாடிக்கையாளரும் பஸ் நிலையமும் கீழே இருக்கையில் கடையை மாத்திரம் மேலே கொண்டுசெல்வது எப்படி என அவர்கள் கேட்பதில் நியாயமுண்டு.

ஆனால், நகரைச் சூழவுள்ள தோட்டங்களில் இதே வினாவை எழுப்பினால் கிடைக்கும் பதில் வேறு. அங்கு அச்சம் ஆற்றைப் பற்றியதன்று. லயனுக்கு மேலேயுள்ள மலைச்சரிவைப் பற்றியதாகும். அயல் மாவட்டமான கேகாலையில், 2016 மே 17 ஆம் திகதி அரநாயக்கவில் கிராமங்கள் புதையுண்டன. அதேவேளை புலத்கொஹுபிட்டிய, களுபஹன தோட்டக் குடியிருப்பும் மண்சரிவுக்குப் பலியானது. வெளியேறுமாறு எச்சரிக்கை வந்தால் தோட்டக் குடும்பங்கள் பாடசாலையிலோ கோவிலிலோ தங்குகின்றன. மழை விட்டதும் அதே லயனுக்குத் திரும்புகின்றன. சொந்தக் காணி இல்லாதவர் வேறு எங்கு செல்வது?

கீழே மாநகர சபை, மேலே பிரதேச சபை, இடையில் தோட்ட நிர்வாகம். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டங்களில் செலவிடத் தடையாக விளங்கியது. தோட்டத்தில் வாக்குக் கேட்கலாம், வடிகான் கட்ட முடியாது என்ற விந்தை 2018 ஆம் ஆண்டுத் திருத்தம் வரை நீடித்தது. (வாக்குக் கேட்க வந்தவர்கள் இதனை மேடையில் சொன்னதாக எமக்கு நினைவில்லை!) தடை நீங்கிய பின்னரும், அது நிர்வாகத்தின் பொறுப்பு என்ற பழைய பதிலைச் சபைகள் இன்னமும் கூறுமாயின் அதனை ஏற்பதற்கில்லை.

2025 மே 6 ஆம் திகதி நடைபெற்ற தேர்தலின் மூலம், ஈராண்டுகளுக்கும் மேலான இடைவெளியின் பின் சபைகளில் மக்கள் பிரதிநிதிகள் அமர்ந்தனர். அதே ஆண்டு நவம்பரில் டித்வா புயல் தாக்கியபோது, எச்சரிக்கைகள் உரிய வேளையில் தமிழில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு எழுந்தது. தமிழ் அரச கரும மொழியாகி மூன்று தசாப்தங்கள் கடந்த நாட்டில் இது வெறும் மொழிபெயர்ப்புக் குறைபாடன்று, உயிர் சம்பந்தப்பட்ட விடயமாகும்.

மாநகர சபையும் பிரதேச சபையும் ஒன்றாக அமர்ந்து, வர்த்தகரையும் தோட்ட மக்களையும் தோட்ட நிர்வாகத்தையும் ஒரே கூட்டத்துக்கு அழைக்க வேண்டும் என நாம் கருதுகின்றோம். சரிவில் எந்த லயன் முதலில் இடமாற்றப்பட வேண்டும், அதற்குரிய காணி எது என்பதே அங்கு முதலில் பேசப்பட வேண்டும். அடுத்த தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் வரும்.