யந்திர நடவும் நாற்றின் வயதும்

காவிரிப் பாசனப் பிரதேசத்து மிராசுதார்கள் இக்காலத்தில் அடிக்கடி வினவுவது, "நடவு யந்திரத்தால் மகசூல் கூடுமா?" என்பதாம். யந்திரம் தானே ஒரு மரக்கால் நெல்லையும் கூட்டித் தராது. இளநாற்றை உரிய நாளில், ஒழுங்கான வரிசையில் ஊன்றுவதே அதன் தொழில். குறுவைக்கு வேண்டுவதும் அதுவே.

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் தேதி ஜூன் 12. தண்ணீர் வந்ததும் எல்லோரும் ஒரே வாரத்தில் நட விரும்புவர். ஏக்கராவுக்கு 15 முதல் 20 ஆட்கள் வேண்டும், எங்கிருந்து வருவர்? நாற்று காத்திருக்கும். ஏ.டி.டி. 43 போன்ற 110 நாள் ரகத்தை 35 நாள் நாற்றங்காலில் நிறுத்தினால், அதன் ஆயுளில் மூன்றிலொரு பங்கு நெருக்கத்திலேயே கழிந்துவிடும். தூர் கட்டவேண்டிய பருவம் வீணாகிக் கதிர்கள் குறையும். அறுவடையும் பின்தள்ளி, வடகிழக்குப் பருவமழையில் நனைந்த நெல் களத்திலேயே முளைவிடும்.

யந்திரத்துக்குப் பாய் நாற்று வேண்டும். சலித்த மண்ணுடன் மக்கிய எருவைக் கலந்து, தாள் விரித்த சமதரையில் சுமார் 2 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, முளைகட்டிய விதையைச் சீராகத் தூவி வளர்ப்பது இது. 15 முதல் 18 நாளில் வேர்கள் பின்னிப் பாய்போல் சுருட்ட வரும். விதை திட்டுத்திட்டாய் விழுந்தால் வயலில் இடைவெளி விழும். அப்பால் பாடுவாசி நிரப்ப ஆள் தேடவேண்டும். "யந்திரம் விட்டுவிட்டு நடுகிறது" என்று முறையிடுவோர் முதலில் தம் நாற்றுப் பாயைப் பார்ப்பாராக.

சேற்றின் பக்குவமும் அவ்வாறே. உழுத அன்றே யந்திரத்தை இறக்கினால் நாற்று புதைந்துபோகும். அதிக நாள் விட்டாலோ சேறு இறுகி நாற்று மிதக்கும். மணற்பாங்கான நிலத்துக்கு ஒரு நாள் போதும். களிமண்ணுக்கு இரண்டு மூன்று நாட்களும் ஆகலாம். பரம்படித்து மேடு பள்ளம் நீக்கி, நடும்போது விரற்கடை அளவே நீர் நிறுத்தல் வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது முறை வரிசை. கை நடவில் நாற்று விட்டபின் ஆள் தேடுவது நம் வழக்கம். யந்திர நடவில் அது செல்லாது. பாய் நாற்று 20 நாளைத் தாண்டினால் வேர் தடித்து, யந்திர விரலில் சிக்கி முறியும். ஆகையால் யந்திரம் வரும் நாளை முன்னதாக நிச்சயித்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணியே விதைக்கவேண்டும். ஒரு வாய்க்காலில் பாயும் நிலக்காரர் ஒன்றுகூடித் தலைமடை முதல் கடைமடை வரை வரிசை வகுத்தாலன்றி இது நடவாது. தனித்தனியே வாடகை யந்திரத்துக்கு ஓடுவோர் நாற்றையும் இழந்து, முன்பணத்துக்கும் வழக்காடுவதைக் காண்கிறோம். கிராமாதிகாரிகள் இந்த வரிசையைத் தண்ணீர் வருமுன்னரே எழுதி வைக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

நடவுப் பெண்களின் கூலி போகுமே என்பது நியாயமான ஆட்சேபம். அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. ஆனால் பாய் நாற்று வளர்ப்புக்குக் கைத்திறனும் கவனமும் வேண்டும். அவர்கள் குழுவாகச் சேர்ந்து கிராமம் முழுமைக்கும் நாற்று வளர்த்து விற்கலாம். அதற்கு நீர்வசதியுள்ள ஓர் இடத்தையும், விதைக்கு முன்பணத்தையும் மிராசுதார்கள் இந்தக் குறுவைக்கே ஒதுக்கித் தரவேண்டும்.