காய்ச்சலுக்கு ஊசி, மனசுக்கு மட்டும் தாயத்தா?

கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரலாம். முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். (அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். யாரென்று யூகிக்காதீர்கள்.) ஒன்பதாவது படிக்கும் மகள் மூன்று மாதமாகச் சரியாகத் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை. பள்ளிக்கூடம் என்றாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள், வயிற்றில் ஒன்றுமில்லை. உள்ளூரில் தாயத்துக் கட்டி, ஆந்திரா பக்கம் போய் மந்திரித்தும் வந்தாகிவிட்டது.

"மனநல டாக்டரிடம் காட்டினாயாப்பா?" என்றேன். பதறிவிட்டார். "ஐயோ சார், பொம்பளப் புள்ள. வெளியில தெரிஞ்சா நாளைக்கு யார் சார் கட்டுவாங்க?"

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் நம் மேல்தான். கல்யாண வீட்டில், திண்ணையில், வாட்ஸ்அப் குரூப்பில் "அந்தக் குடும்பத்துல ஒரு மாதிரி" என்று பேசிப் பேசி அவரைப் பயமுறுத்தி வைத்திருப்பது நாம்தானே?

"அந்தக் காலத்தில் இதெல்லாம் ஏது சார், எல்லாம் இந்த போனால் வந்த வினை" என்கிறார்கள். அந்தக் காலத்திலும் இருந்தது. திமிர், மக்கு, காத்துக் கருப்பு என்று நாம் வேறு பேர் வைத்திருந்தோம்.

நானே வைத்திருக்கிறேன். தொண்ணூறுகளில் என் நாலாம் வகுப்பில் ஒரு பையன். வாயாடி. கோடை விடுமுறை முடிந்து வந்தவன் வாயே திறக்கவில்லை. கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். திமிர் என்று நினைத்தேன். பிரம்பால் அடித்தேன், வெயிலில் நிற்க வைத்தேன். அந்த விடுமுறையில் அவன் தம்பி கிணற்றில் விழுந்து செத்ததும், இவன் கரையில் நின்று பார்த்ததும் எனக்குத் தெரியவந்தபோது, அவன் பள்ளிக்கூடத்தை விட்டே நின்றிருந்தான். ஆசிரியர் பயிற்சியில் குழந்தை உளவியல் படித்து நல்ல மார்க் வாங்கியவன் நான்! ஒவ்வொரு செப்டம்பர் 5-ம் தேதியும், நம்ம ஊர் ராதாகிருஷ்ணன் படத்தோடு நீங்கள் வாழ்த்து அனுப்பும்போது, எனக்கு அந்தப் பையன் முகம்தான் வருகிறது.

"முருகன் பார்த்துப்பான் சார்" என்கிறீர்கள். நானும் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்தவன்தான், 365 படியும் ஏறியவன்தான். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் திருநீறும் பூசுகிறோம், ஊசியும் போடுகிறோம். முருகன் கோபித்துக்கொண்டானா? பிறகு மனசுக்கு வந்தால் மட்டும் ஏன் திருநீறோடு நிறுத்திவிடுகிறோம்? படி ஏறுங்கள். இறங்கி ஆஸ்பத்திரிக்கும் போங்கள்.

மூடி மறைத்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்று நமக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் அவர்களால் ஓடித் தப்ப முடியவில்லை. அவர்களும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் வீட்டில் ஓடி விளையாடிய குழந்தைகள்தானே?

மனநலப் பிரச்சினைகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு பிரச்சினை இருக்கிறது. 35 பேர் உள்ள வகுப்பென்றால் 5 பேர். அதில் நம் வீட்டுப் பிள்ளை இருக்காது என்று யார் எழுதிக் கொடுத்தது?

வெளியில் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு: 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருப்பது உங்கள் உரிமை. யாரையும் சங்கிலியில் கட்டுவதற்கும் அந்தச் சட்டத்தில் தடை. முதலில் போனில் பேசிப் பார்க்கலாம் என்றால் 14416. டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். குழந்தைகளுக்கு ஏதாவது ஆபத்தென்றால் 1098.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிள்ளையை அடிப்பதற்கும் மனதை நோகடிப்பதற்கும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் தடை. சட்டம் கிடக்கட்டும். திடீரென்று பேசாமல் போன பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து "என்னம்மா ஆச்சு?" என்று கேளுங்கள். நான் கேட்காமல் விட்ட கேள்வி அது.

உறவுகளுக்கு: ஒரு பிள்ளை டாக்டரிடம் போவது தெரிந்தால் வாயை மூடிக்கொள்ளுங்கள். அதுவே பெரிய உதவி.

கமெண்ட்டில் யார் பெயரும் வேண்டாம். எனக்குப் போன் போடுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட வர ஆள் இல்லையென்றால் நான் வருகிறேன். ரிட்டயர்டு வாத்தியாருக்கு வேறென்ன வேலை?

உங்கள் சார்