காயிலுக்குச் செம்பு கொடுங்கப்பா!

ஆடியோ பைத்தியங்கள் நாலு பேர் கூடினா பேச்சு எங்க போகும்? கெபாசிட்டர். எந்தக் கம்பெனி, என்ன விலை, மாத்தினா குரல் இனிக்குதா... வூஃபருக்குப் போற காயிலைப் பத்தி ஒருத்தர் வாயைத் திறக்க மாட்டார். என்னைக் கேட்டால், காசைக் கொட்ட வேண்டிய இடம் அதுதான். அதுவும் நாமே கையால் சுற்றும் காயிலில்.

கணக்கைப் பாருங்க. 8 ஓம் வூஃபரை 2500 ஹெர்ட்ஸில் பிரிக்கும் ஒற்றைக் காயில் கிராஸ்ஓவருக்குச் சுமார் 0.5 மில்லிஹென்றி வேணும். 24 கேஜ் எனாமல் கம்பியில் சுற்றினால் சுமார் 160 சுற்று, 25 கிராம் செம்பு, மின்தடை 0.8 ஓம். 18 கேஜில் சுமார் 118 சுற்று, 160 கிராம் செம்பு, மின்தடை 0.23 ஓம்தான்.

மில்லிஹென்றி ரெண்டிலும் ஒண்ணுதான், சத்தம் ஒண்ணில்லை. அந்த 0.8 ஓம் ஆம்ப்ளிஃபயருக்கும் வூஃபருக்கும் நடுவில் நந்தி மாதிரி உட்கார்ந்து, ஆம்ப்ளிஃபயரின் பிடியைத் தளர்த்திவிடும். 'தொம்'னு நிற்க வேண்டிய தாளம் 'தொம்ம்ம்'னு இழுக்கும்.

மலிவான ரெடிமேட் போர்டுகளில் காயில் ஏன் அவ்வளவு ஒல்லி? செம்புக்கு எடைக்கு எடை விலை, அவ்வளவுதான் ரகசியம். சிலதில் நடுவே ஃபெரைட் கட்டை இருக்கும். கம்பி மிச்சம்தான், ஆனா அது சின்னதா இருந்தா, வால்யூமைக் கூட்டும்போது காந்தம் தாங்காமல் ஒலி பிசிறும்.

சுற்றுவது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. ப்ரூக்ஸ் என்பவர் 1931-லேயே வடிவம் சொல்லிட்டார்: சுற்றின் அகலமும் கனமும் சமம், உள்விட்டம் அதில் ரெண்டு மடங்கு. மேலே சொன்ன 18 கேஜ் காயிலுக்கு அகலம் 14 மில்லிமீட்டர், உள்விட்டம் 28. உருளை மரத்துண்டு, ரெண்டு பக்கமும் பிளைவுட் தட்டு, போதும். கம்பி மோட்டார் வைண்டிங் கடையில் எடைக்குக் கிடைக்கும். அஞ்சு சுற்று கூடுதலாச் சுற்றி, எல்.சி.ஆர் மீட்டரைப் பார்த்து ஒவ்வொண்ணாப் பிரிச்சா அளவு வந்துடும். இரும்பு போல்ட் போட்டு மட்டும் முடுக்காதீங்க, அளவு மாறிடும்.

கெபாசிட்டர் மாத்தினா கேட்குமான்னு விடிய விடிய சண்டை போடலாம் :-) காயிலின் ஓமுக்குச் சண்டையே வேணாம். மல்டிமீட்டரை வெச்சா அதுவே சொல்லிடும்.